தமிழ்ப் பெயர்கள்: இனிஷியல், சர்நேம், பொருள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டா?

பெரும்பாலோருக்கு இல்லை. தலைமுறை மாறினாலும் தான் மாறாமல் வருவதுதான் குடும்பப் பெயர். நம் வழக்கத்தில் அப்படி எதுவும் நிற்பதில்லை. முருகேசன் மகன் செல்வம், மு. செல்வம். செல்வத்தின் மகள் கயல், செ. கயல். பேத்திக்கு வரும்போது 'மு.' மறைந்துவிடுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு 'இண்டிபேரு' எனும் வீட்டுப்பெயர் இருக்கிறது. மதுரைச் சௌராஷ்டிரர்களுக்கும் குடும்பப் பெயர்கள் உண்டு. நகரத்தார் தாத்தா, அப்பா பெயர்களின் எழுத்துகளைக் கோத்து 'விலாசம்' என்று எழுதுவார்கள். கொங்கு நாட்டில் கூட்டப்பெயர் (குலப்பிரிவின் பெயர்) உண்டு. ஆனால் அது கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கத்தான் பயன்படுகிறது, கையெழுத்தில் வருவதில்லை.

இனிஷியல் ஆங்கிலேயர் கொண்டுவந்ததா?

ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்தது மட்டும்தான் அவர்கள் காலத்து வேலை. ஊர், தொழில், தந்தை பெயர், கடைசியில் தன் பெயர் என்ற வரிசை சங்ககாலத்திலேயே இருக்கிறது. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்பதைச் சுருக்கினால் ம.க. நக்கீரன். 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்' என்பதில் மதுரை வாழ்ந்த ஊர், கூலவாணிகன் (தானிய வியாபாரி) தொழில், சீத்தலை சொந்த ஊர், சாத்தன்தான் ஆளின் பெயர்.

தலைகீழ் வழக்கமும் இருந்தது: பிள்ளையின் பெயரைச் சொல்லி அப்பாவை அழைப்பது. ஆதன் + தந்தை = ஆந்தை; பூதன் + தந்தை = பூந்தை. இந்தப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. ஆகவே பிசிராந்தையார் என்றால் பிசிர் என்ற ஊரில் இருந்த ஆதனின் அப்பா. மரத்தில் உட்காரும் ஆந்தைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அந்த 'ஆதன்' என்ற பெயர் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் கீறப்பட்டிருக்கிறது.

இரண்டு இனிஷியல் இருந்தால் முதலாவது ஊர், அடுத்தது அப்பா என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய தலைமுறைக்குப் பெரும்பாலும் சரிவரும். சி.என். அண்ணாதுரையில் 'சி' காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவமான கான்ஜீவரம், 'என்' நடராஜன். எம்.ஜி. ராமச்சந்திரனில் மருதூர், கோபாலன். எம்.எஸ். சுப்புலட்சுமியில் 'எம்' மதுரை. 'எஸ்' தாயார் சண்முகவடிவு. ஆகவே இரண்டாம் எழுத்து என்றாலே அப்பா என்று முடிவுகட்டக் கூடாது. இப்போது அம்மா, அப்பா இருவர் எழுத்தையும் சேர்த்து எழுதுவோர் பெருகிவருகிறார்கள். அங்கே முதலெழுத்தை ஊர் என்று படித்தால் தப்பாகிவிடும்.

தமிழில் இனிஷியலை எப்படி எழுதுவது? 'கே.' என்று போடலாமா?

அப்பா பெயர் கேசவன் என்றால் போடலாம். கந்தசாமி என்றால் 'க.', காளிமுத்து 'கா.', கிட்டு 'கி.', குமரன் 'கு.'. ஆங்கிலத்தில் இவை எல்லாம் ஒரே எழுத்தில் அடங்கிவிடுவதால், அந்த ஆங்கில எழுத்தின் ஓசையைத் திருப்பித் தமிழில் எழுதி 'கே. செல்வி' என்று போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதேபோல் 'எம்.' என்பது முருகேசனா, மாணிக்கமா, மீனாட்சியா என்று தெரியாது, மு., மா., மீ. என்றால் சந்தேகமில்லை. பள்ளி, கல்லூரி, அரசு ஆவணங்களில் முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது.

சிக்கல் வருவது ர, ல-வில் தொடங்கும் பெயர்களில். தமிழ் மரபில் இவை சொல்லுக்கு முதலில் வராது; முன்னால் ஓர் உயிரெழுத்து சேரும். ராமசாமி – இராமசாமி – இரா.; லட்சுமணன் – இலட்சுமணன் – இல.; ரங்கசாமி – அரங்கசாமி – அர.; லோகநாதன் – உலோகநாதன் – உ. ஜ, ஸ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளை வைத்துக்கொள்வதும் மாற்றுவதும் அவரவர் விருப்பம்: ஜெயராமனுக்கு ஜெ. என்றும் போடலாம், செ. என்றும் போடலாம். எதைப் போட்டாலும் ஒன்றையே போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் 'ரா.', பள்ளிச் சான்றிதழில் 'இரா.' என்று இருந்தால், இருவரும் ஒருவர்தான் என்று பின்னால் நீங்கள்தான் அலைந்து நிரூபிக்க வேண்டும்.

ஒரு பெயரின் பொருளைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் வாலை வெட்டுங்கள். -அன், -அம்மாள், -ஆயி, -அப்பன், -சாமி, -முத்து, -லிங்கம், -நாதன், -பாண்டி: இவை மரியாதைக்கோ ஆண்பால் பெண்பால் காட்டவோ ஒட்டியவை. மிச்சம் நிற்பதுதான் பெயரின் உயிர். மாரியப்பன், மாரிமுத்து, மாரியம்மாள் மூன்றிலும் உயிர் 'மாரி', அதாவது மழை. அதன் வழியே மழைதரும் அம்மன்.

அடுத்து, அந்தச் சொல் எந்த மொழி என்று பாருங்கள். பெயர்களில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 'தண்டபாணி'யில் உள்ள பாணி, ஸ்டைல் என்ற பொருளில் நாம் சொல்லும் பாணி அல்ல. வடமொழியில் கை. தண்டம் ஏந்திய கையன், அதாவது பழனி ஆண்டவர். சக்கரபாணியும் சாரங்கபாணியும் அப்படியே. சார்ங்கம் திருமாலின் வில். 'கண்ணன்' என்பதற்குக் கண்ணழகன் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கிருஷ்ணன் பிராகிருதத்தில் 'கண்ஹ' ஆகி, தமிழில் கண்ணன் ஆனது என்பதுதான் மொழிநூலார் காட்டும் வழி. 'முருகன்' தமிழ், முருகு என்றால் இளமை, அழகு, மணம்.

பிறகு அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். குழந்தைப் பெயர்ப் பட்டியல் தரும் தளங்களைக் கடைசியாகப் பாருங்கள். அவற்றில் ஒரே பெயருக்கு ஓரிடத்தில் 'சூரியன்', இன்னோரிடத்தில் 'வெற்றி', மூன்றாவது இடத்தில் 'அமைதி' என்றிருக்கும். அகராதியில் வேரும் இல்லை, கோயிலிலும் இல்லை, இலக்கியத்திலும் இல்லை என்றால் அது அண்மையில் ஓசைக்காகக் கட்டிய பெயர். வைக்கக் கூடாது என்றில்லை. பொருள் இருப்பதாகச் சொல்லாமல் இருந்தால் போதும்.

பெயரைக் கேட்டே ஊரைச் சொல்கிறார்களே, எப்படி?

கோயிலை வைத்துத்தான். தமிழ்நாட்டுப் பெயர்களை வரைபடத்தில் குத்தினால் பாதி கோயில்பட்டியலாக இருக்கும். மருதாசலம் என்றால் கோவை மருதமலைப் பக்கம். அவிநாசிலிங்கம் அவிநாசி. அர்த்தநாரி திருச்செங்கோடு. நெல்லையப்பனும் காந்திமதியும் திருநெல்வேலி, சங்கரநாராயணனும் கோமதியும் சங்கரன்கோவில், உலகம்மாள் தென்காசி. சொக்கலிங்கம், மீனாட்சி மதுரை. தாயுமானவன் திருச்சி மலைக்கோட்டை. வைத்தியநாதன், தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில். நீலாயதாட்சி நாகப்பட்டினம். ஏகாம்பரமும் வரதராஜனும் காஞ்சிபுரம், பார்த்தசாரதி திருவல்லிக்கேணி, கபாலியும் கற்பகமும் மயிலாப்பூர். அண்ணாமலை திருவண்ணாமலை என்று சொல்லவே வேண்டாம். அருணாசலம் அதன் வடமொழிப் பெயர். வடமாவட்டங்களில் நிறைய இருக்கும் ஏழுமலை திருப்பதி. இலங்கையில் கதிர்காமநாதன், கதிர்காமத்தம்பி என்றால் கதிர்காமம்.

பெருங்கோயிலைவிடக் குலசாமிப் பெயர் இன்னும் கூர்மையாகக் காட்டும். சுடலைமுத்து, சுடலையாண்டி, இசக்கிமுத்து, பேச்சிமுத்து, முப்பிடாதி என்று கேட்டால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 'இசக்கி', யட்சியின் தமிழ் வடிவமான 'இயக்கி' திரிந்தது.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. செந்தில் என்பது திருச்செந்தூரின் பழம்பெயர், பழனிசாமி பழனி. இவை இரண்டும் எல்லா ஊருக்கும் பரவிவிட்டன. முருகன் பெயரை வைத்து மட்டும் ஊர் சொல்லப் போனால் மூக்குடைபடும்.

குப்புசாமி, பிச்சை, மூக்கன்: ஏன் இப்படி?

பிள்ளை தங்க வேண்டும் என்பதற்காக. முந்தைய குழந்தைகள் இறந்துபோன வீட்டில், புதுக்குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, 'குப்பையில் கிடந்தது, எங்களுடையதல்ல' என்று எமனை ஏமாற்றுவார்கள். அதுதான் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி. தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கியதாகச் சடங்கு செய்வதும் உண்டு. மூக்கு குத்தி வளர்த்த பிள்ளை மூக்கன், மூக்காயி. கடவுளிடம் பிச்சையாகப் பெற்றது பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள். இந்தப் பெயர் இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கிறது. கூகுளின் சுந்தர் பிச்சைக்கு அது அப்பா பெயர் வழியே வந்தது.

போதும்பொண்ணு, வேண்டாம் என்பவை வேறு வகை. தொடர்ந்து பெண்ணாகப் பிறந்தபோது அடுத்தது ஆணாக வரட்டும் என்று வைத்தவை. எமனை ஏமாற்றியது பிள்ளையின் மேல் இருந்த ஆசை. இதில் ஆசை எதுவும் இல்லை. இப்படிப் பெயருள்ளவர்கள் மாற்றிக்கொள்ள விரும்பினால் அரசிதழ் வழி இருக்கிறது, கீழே பார்க்கவும்.

கிறிஸ்தவ, முஸ்லிம் தமிழ்ப் பெயர்களில் 'தமிழ்' எங்கே இருக்கிறது?

பல இடங்களில் மொழிபெயர்ப்பாக இருக்கிறது. புனித பவுலுக்குக் கத்தோலிக்க மரபில் சின்னப்பர் என்று பெயர். இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். ஆக, ஒருவர் சின்னப்பன் என்றால் அவர் பால். அருளப்பன் ஜான், இராயப்பன் பீட்டர், சூசை ஜோசப், சவரிமுத்து சவேரியார். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவால். வியாகுலம் வியாகுல மாதாவால்; கவலைப்படுபவர் என்று பொருள் எடுக்க வேண்டாம். தேவசகாயம் என்பது 'கடவுளே துணை' எனப் பொருள்படும் லாசரு; 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை திருமுழுக்கில் பெற்ற பெயர் அது.

முஸ்லிம் பெயர்களில் அரபுச் சொல் தமிழ் நாக்குக்கு வளைந்திருக்கும்: முஹ்யித்தீன் இங்கே மைதீன். சாகுல் ஹமீது, நாகூர் மீரான், நாகூர் கனி என்பவை நாகூர் ஆண்டவர் மேல் உள்ள பற்றால் வந்தவை. ராவுத்தர் என்றால் குதிரைவீரர். ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் 'ஜே' அவர் தந்தை ஜைனுலாப்தீன். வரிசை நம் இனிஷியல் வரிசைதான்.

மறைமலை, நெடுஞ்செழியன், அன்பழகன் போன்றவை பழைய பெயர்களா, புதியவையா?

சொற்கள் பழையவை, இக்காலத்தில் பெயராக வைத்தது புதிது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம் தன் பெயரைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தார்: வேதம் – மறை, அசலம் – மலை, சுவாமி – அடிகள். அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர் ஆகியிருந்தார்: பரிதி சூரியன், மால் நாராயணன், கலைஞர் சாஸ்திரி. திராவிட இயக்கத்தில் வந்த தலைமுறை மொழிபெயர்க்காமல் புதிதாகவே எடுத்துக்கொண்டது: நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். செழியன், மாறன், வழுதி பாண்டியர் பெயர்கள். கிள்ளி, வளவன், சென்னி சோழர் பெயர்கள்.

முதலியார், பிள்ளை, நாயக்கர் சர்நேம் இல்லையா?

இவை சாதியோடு ஒட்டிய பட்டங்கள். முதலி என்றால் முதன்மையானவர், நாயக்கர் தலைவர், படையாட்சி படையை ஆள்பவர். ஒரே பட்டத்தைப் பல சாதியார் போட்டுக்கொண்டார்கள்; செங்குந்தரிலும் முதலியார் உண்டு, வேளாளரிலும் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியாரும் 'நாயக்கர்' என்பதை விட்டார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின் பட்டம் போடுவது மெல்ல வழக்கொழிந்தது. பிற மாநிலத்தார் நம்மிடம் 'சர்நேம் என்ன' என்று கேட்டு விழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் கடந்தவர்களுக்கு நடந்தது வேறு. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்களிடம் பட்டங்களே குடும்பப் பெயராக உறைந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவில் கவெண்டர் என்றால் கவுண்டர், மூட்லி என்றால் முதலி. மொரீஷியசிலும் ரியூனியனிலும் கப்பலில் போன முப்பாட்டனின் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் ஆயிற்று. வீராசாமி, முத்துசாமி என்ற குடும்பங்கள் அங்கே உண்டு. புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டார்கள். பலர் பிரெஞ்சுப் பெயர்களையே எடுத்தார்கள். மலேசியா நம் முறைக்கு நெருக்கம்: பெயர், அடுத்து 'அனாக் லெலாக்கி' (மகன்) அல்லது 'அனாக் பெரெம்புவான்' (மகள்), பிறகு அப்பா பெயர்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

அப்பாவின் முழுப்பெயர். கிவன் நேம் கட்டத்தில் உங்கள் பெயர். இனிஷியலை அப்படியே எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பான் அட்டையிலும் அப்படித்தான்.

சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட இந்தியாவில் அனுமதி உண்டு. விட்டால் என்ன ஆகும் என்பது வெளிநாட்டில்தான் தெரியும். அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைச் சர்நேமுக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடிப்பார்கள். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். அதையே பெயர் என்று நினைத்துக் கூப்பிடும் அலுவலகங்களும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாவுக்கு வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு தெளிவுபடுத்தியது.

அடிக்கடி நடக்கும் தப்பு, தன் பெயரைச் சர்நேமிலும் அப்பா பெயரைக் கிவன் நேமிலும் எழுதுவது. 'இனிஷியல் முன்னால்தானே வரும்' என்ற பழக்கத்தில் கை அப்படிப் போகிறது. அதன்பின் வெளிநாட்டில் எல்லோரும் உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். செஸ் வீரர் ஆனந்தை உலகம் 'விஷி' என்றது அவர் அப்பா விஸ்வநாதன் பெயரைச் சுருக்கி. ஒரு குடும்பத்தில் நால்வருக்கும் வெவ்வேறு சர்நேம் வருவது நம் முறையில் இயல்பு. குழந்தையோடு பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று கையில் இருந்தால் கேள்விகள் குறையும்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்ற வேண்டுமா?

சட்டம் கேட்கவில்லை. மாற்றினால் எல்லா ஆவணத்திலும் மாற்ற வேண்டும். பாதியில் விடுவதுதான் தொல்லை.

எண் ஜோதிடம் பார்த்து ஆங்கில ஸ்பெல்லிங்கில் எழுத்து கூட்டலாமா?

பலன் இருக்கிறதா என்பது நம்பிக்கை. ஆவணச் செலவு நிச்சயம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள ஸ்பெல்லிங்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆதாரம். மாற்றுவதானால் அதற்கு முன்பே மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதனால் முதலில் எந்த வடிவம் என்று முடிவுசெய்து, மூல ஆவணத்தைச் சரிசெய்து, பிறகு ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட் என்று போவது நல்லது. பெயரையே மாற்றினால் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியே தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். வந்த பிறகும் பழைய மதிப்பெண் சான்றிதழ் தானாக மாறாது. அரசிதழ்ப் பிரதியைச் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். நான்கைந்து பிரதிகள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் முடிவாகவில்லை. பிறப்பைப் பதியாமல் காத்திருக்கலாமா?

கூடாது. 21 நாளுக்குள் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிடலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்துடன். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

தாத்தா பெயரை வைத்தால் வீட்டில் எப்படிக் கூப்பிடுவது?

பேரன் என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பாட்டன் பெயரைத் தாங்குபவன். நோபல் பெற்ற வானியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரில் சந்திரசேகர் தாத்தா பெயர், சுப்பிரமணியன் அப்பா பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்த வீடுகளில், அதே பெயர் வைத்த பிள்ளையை அதட்டவும் முடியாது. அதற்காகத்தான் ராஜா, அப்பு, தம்பி, பாப்பா என்று ஒரு கூப்பிடு பெயர். சிலருக்கு அதுவே நிலைத்துவிடும். அறுபது வயதிலும் ஊரில் 'அப்பு'தான். பள்ளியில் சேர்க்கும் அன்று மட்டும், எந்தப் பெயரைச் சொல்லிப் பதிகிறோம் என்று கவனமாக இருங்கள்.